சவுதியில் வேலை மாறும் உரிமை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுத் தொழிலாளியை ஒரே முதலாளியின் பொறுப்பில் கட்டி வைக்கும் கஃபாலா முறை சவுதி அரேபியாவில் ஒழிக்கப்பட்டுவிட்டது என்றும், அங்கு வேலை பார்க்கும் நம்மவர்கள் இனி விரும்பியபோது விரும்பிய கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் தங்கள் இதழ் உட்படப் பல தமிழ் ஏடுகளில் செய்தி வந்திருந்தது. கிழக்கு மாகாணத்தில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்தில், தொழிலாளர்களின் இக்காமா (வசிப்பு அனுமதி அட்டை) புதுப்பிப்பு, ரீ-என்ட்ரி (ஊர் போய்த் திரும்பும் அனுமதி), எக்ஸிட் (ஒரேயடியாக வெளியேறும் அனுமதி) ஆகிய வேலைகளைக் கவனித்து வருபவன் நான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஊரிலிருந்து என்னை அழைத்தவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தபோது, அதில் சொல்லாமல் விட்ட நிபந்தனைகளை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

முதலாவதாக, இது இப்போது வந்த மாற்றமன்று. 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2021 மார்ச் 14 முதல் நடைமுறையில் இருப்பது. அதன்படி, தற்போதைய முதலாளியிடம் 12 மாதம் முடித்த தொழிலாளி, 90 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, கஃபீலின், அதாவது தற்போதைய பொறுப்பு முதலாளியின், சம்மதம் இல்லாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் அவருடைய வேலை ஒப்பந்தம் 'கிவா' என்னும் அரசுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கோரிக்கையைப் புதிய கம்பெனிதான் அந்தத் தளத்தின் வழியே அனுப்ப வேண்டும். சவுதி குடிமக்களை வேலைக்கு வைக்கும் விகிதத்தில் பின்தங்கிச் சிவப்பு நிலையில் இருக்கும் கம்பெனியால் யாரையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வருட நிபந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன். விசா, டிக்கெட், மருத்துவப் பரிசோதனை என்று செலவழித்து அழைத்து வந்த ஆள் மூன்றாம் மாதமே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும்போது முதலாளிக்கு வரும் ஆத்திரத்திலும் நியாயம் இருக்கிறது.

இதைவிட முக்கியமானதும், நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாததும், அந்த ஒரு வருடம்கூடக் காத்திருக்க வேண்டாத சூழ்நிலைகள் எவை என்பதே. தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்றால் முதலாளியைக் கேட்காமல் மாறலாம். இக்காமாவோ வேலை அனுமதியோ காலாவதியாகி இருந்தால் மாறலாம். நாட்டுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாவிட்டாலும், முதலாளி இறந்துபோனாலும், சிறைக்குப் போனாலும், தொழிலாளர் வழக்கில் இரண்டு முறை ஆஜராகாமல் இருந்தாலும் அவ்வாறே.

எங்கள் கேம்ப்பை அடுத்து ஒரு சிறிய பராமரிப்புக் கம்பெனி இருந்தது. அதில் ஏசி மெக்கானிக்காக இருந்த தஞ்சைப் பக்கத்து இளைஞர் ஒருவர், இக்காமா முடிந்துவிட்டது என்பதற்காகக் கடைவீதிக்குக்கூடப் போகாமல், போலீஸுக்குப் பயந்து அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மாதம் 800 ரியால் வரை முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டியிருப்பதால், நொடித்துப்போன சிறு கம்பெனிகள் முதலில் கைவிடுவது இக்காமா புதுப்பிப்பைத்தான். புதுப்பிக்க வேண்டிய பொறுப்பும் அபராதம் கட்ட வேண்டிய பொறுப்பும் முதலாளியுடையவை என்று தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்த இளைஞரோ தானே குற்றவாளி என்று நம்பிக்கொண்டிருந்தார். காலாவதியான அந்த இக்காமாதான் அவர் வெளியேறுவதற்கு வழி என்று விளக்கியபோது அவர் நம்பவில்லை. வேறொரு கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கோரிக்கையும் அனுப்பியது. அதை அவர் தமது கைப்பேசியில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஓடிபி வரவே இல்லை. அவருடைய அப்ஷிர் (அரசின் இணையச் சேவைத் தளம்) கணக்கைத் திறந்து கொடுத்த பழைய கம்பெனியின் எழுத்தர் தம்முடைய எண்ணையே அதில் பதிந்து வைத்திருந்தார். எண்ணை மாற்றி முடிப்பதற்குள் புதிய கம்பெனிக்கு ஆள் தேவை தீர்ந்துவிடுமோ என்று எங்களுக்கெல்லாம் பதற்றம். நல்ல வேளையாக அப்படி நடக்கவில்லை. சட்டம் கொடுத்த உரிமை ஒரு சிம் கார்டில் சிக்கிக்கொண்டு நிற்கும் என்பதை எந்தச் செய்தியும் எழுதுவதில்லை. சவுதியில் இறங்கியதும் தம் பெயரில் சிம் வாங்கி, அப்ஷிர் கணக்கையும் கிவா கணக்கையும் தம் கையாலேயே திறந்து, கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காமல் இருப்பதுதான் வேலை மாற நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய காரியம்.

அடுத்தது பணம். ஒரு வருடம் முடிந்துவிட்டது, இனி மாறலாம் என்று நினைப்பவர்களில் பலர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒப்பந்தக் காலத்தின் நடுவில், சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல் விலகினால், ஒப்பந்தத்தில் வேறு தொகை குறிப்பிடப்படாத நிலையில், மீதமுள்ள காலத்துக்கான சம்பளத்தை நஷ்டஈடாகக் கேட்க 77-ஆவது பிரிவு முதலாளிக்கு இடம் தருகிறது. மாறுவதை முதலாளி தடுக்க முடியாது, வழக்குப் போடலாம். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் சர்வீஸ் பணத்திலும் இதே போன்ற கணக்கு உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பது விதி. 2,000 ரியால் சம்பளத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவர், ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்காமல் வெளியேறினால் 4,000 ரியால் பெறுவார். அவரே நடுவில் ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இரண்டு வருடம்கூட முடியவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. ஒப்பந்தம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே முறையாக அறிவிப்பு கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் மாறுவதுதான் புத்திசாலித்தனம். கஃபாலத் மாற்றும் (ஒரு முதலாளியின் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றும்) கட்டணம் முதல் முறை 2,000 ரியால், இரண்டாம் முறை 4,000, அதன் பிறகு 6,000. இதுவும் புதிய முதலாளி கட்ட வேண்டியதே. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் கம்பெனிகளும் இருக்கின்றன என்பதால், சேருவதற்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

ஹுரூப், அதாவது 'ஓடிப்போனவர்' என்ற பதிவு, பற்றிய பயம் நம்மவர்களிடம் இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறது. முன்பு முதலாளி ஒருவரை ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டால் அன்றே அவருக்கு எல்லாக் கதவும் மூடிவிடும். 2022-இல் இந்த விதி மாறியது. வேலைக்கு வரவில்லை என்று முதலாளி பதிந்தாலும், 60 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளவோ எக்ஸிட் பெற்று ஊர் திரும்பவோ தொழிலாளிக்கு அவகாசம் உண்டு. ஆனால் தம்மைப் பற்றி அப்படியொரு பதிவு இருப்பதே தெரியாமல் அந்த 60 நாளையும் கடத்திவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கும் சிக்கல் அதே கைப்பேசிதான்.

இத்தனையும் கம்பெனி விசாவில் வந்தவர்களுக்கு. வீட்டு வேலைக்காரர்கள், ஹவுஸ் டிரைவர்கள், வீட்டுக் காவலாளிகள், தோட்டக்காரர்கள், விவசாயக் கூலிகள், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்கள் ஆகியோர் 2021-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் வரம்பிலேயே இல்லை. தொழிலாளர் சட்டமும் பெரும்பாலும் அவர்களைச் சேர்ப்பதில்லை. வீட்டு வேலைக்கு என்று தனி விதிகள் இருக்கின்றன. இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் 'கம்பெனி வேலை' என்று சொல்லி ஹவுஸ் டிரைவர் விசாவையும் மேய்ப்பர் விசாவையும் விற்கும் ஏஜென்ட்டுகள் இருப்பதால், இந்த வேறுபாடு சவுதிக்கு வந்து இறங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. இக்காமாவில் அச்சாகியிருக்கும் 'மெஹ்னா', அதாவது தொழிலின் பெயர், எதுவோ அதை வைத்துத்தான் ஒருவருடைய உரிமை தீர்மானமாகிறது. 'ஃப்ரீ விசா' என்று வந்து, கஃபீலுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டு வெளியில் வேலை செய்பவர்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுடைய ஒப்பந்தம் எங்கும் உண்மையில் இல்லாததால், சம்பளம் வரவில்லை என்று எதைக் காட்டி முறையிடுவது?

மற்ற வளைகுடா நாடுகளைப் பற்றியும் இரண்டு வரி. கத்தார் 2020-இலேயே என்ஓசி (பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று) தேவையை நீக்கியது. இரண்டு வருடத்துக்குள் விலகுபவர் ஒரு மாதமும், அதற்கு மேல் இருந்தவர் இரண்டு மாதமும் அறிவிப்பு கொடுத்தால் போதும். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சோதனைக் காலத்திலேயே உள்ளூரில் வேறு வேலைக்கு மாறுபவர் ஒரு மாத அறிவிப்பு தர வேண்டும். அவரை வரவழைத்த செலவைப் புதிய முதலாளி பழைய முதலாளிக்கு ஈடு செய்ய வேண்டும். குவைத்தோ எதிர்த் திசையில் போகிறது: 2025 ஜூலை முதல், தனியார் துறையில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் விடுமுறைக்கு ஊர் வருவதற்கே முதலாளியின் வெளியேறும் அனுமதி வேண்டும். ஆகவே 'வளைகுடாவில் கஃபாலா ஒழிந்தது' என்று ஒரே தலைப்பில் எழுதுவது எந்த நாட்டுக்கும் பொருந்தாது.

இந்திய விதிப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும் மட்டுமே. அதைப் போல் பல மடங்கு கொடுத்து, அதையும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்து வருபவருக்கு, சம்பளம் நின்றுபோன முதல் மாதத்தில் வேலை மாறும் உரிமையைப் பற்றி யோசிக்கவே தைரியம் வருவதில்லை. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, வெளிநாடு செல்பவர்களுக்கான முன்பயணப் பயிற்சியில், விமான நிலைய நடைமுறைகளுக்குச் செலவிடும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, விசாவில் உள்ள தொழிலின் பெயரைப் படித்துக் காட்டவும், அப்ஷிர், கிவா கணக்குகளைத் திறக்கும் முறையைக் கைப்பேசியிலேயே செய்து காட்டவும் ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் இதழ் இதைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, யாருக்கு இந்த உரிமை இல்லை என்ற பட்டியலைச் செய்தியின் முதல் பத்தியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஜுபைல், சவுதி அரேபியா.
(நானும் இங்கே ஒரு கஃபீலின் கீழ் இருப்பவன் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)