காலை ஐந்தரைக்கு மைதானக் கதவு திறந்திருக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்திருந்தீர்கள். பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஏறி வந்தவர்களில் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேனாவைக் கேட்டீர்கள். குறை சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே படியில், நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல நின்று மூச்சு வாங்கியவள்தான்.

அன்று சில அம்மாக்கள், "காலையில் நடக்கலாம் என்றால் ரோட்டில் நாயும் லாரியும்தான் டீச்சர்" என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிவிட்டோம். வரும் திங்கள் முதல் காலை 5.30 முதல் 7 மணி வரை மைதானம் பெற்றோர்களுக்காகத் திறந்திருக்கும். மழை பெய்து தரை சேறானால் கீழ்த்தள வராந்தாவில் நடக்கலாம்.

ஆனால் முதல் நாளே ஓடாதீர்கள். நான் ஓடினேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள், வீறாப்பாக இதே மைதானத்தில் மூன்று சுற்று. அன்று ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை கரும்பலகையின் அடிப்பகுதியில் எழுதக் குனிய முடியவில்லை. பழக்கமில்லாத தசைக்கு வலி இப்படித்தான், ஒன்று இரண்டு நாள் தள்ளி வந்து உச்சத்துக்குப் போகும். அது தானே சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. பயந்துபோய் இரண்டு மாதம் ஷூவைத் தொடவே இல்லை.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். முதல் வாரம் தினம் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். அடுத்த ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாவது வாரம் தினம் 30 நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள். ஐந்து நாளுக்கு 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. முதல் வாரம் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தோன்றட்டும். பத்து நிமிடம் ஆனதும் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

வேகத்துக்கு மிஷின் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பக்கத்து வீட்டுக் கதையை மூச்சு வாங்காமல் முழுதாகச் சொல்ல முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம். செல்போனில் பத்தாயிரம் அடி வரவில்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் அங்கிருந்து பரவியதுதான், டாக்டர்கள் ஆராய்ந்து வகுத்த அளவு இல்லை.

"வீட்டு வேலையே போதாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆகவே தண்ணீர்க் குடம் தூக்குவதும், துணி காயப்போட மாடி ஏறுவதும் சேர்த்திதான். ஆனால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றால் கால்தான் வலிக்கும், மூச்சு வேகம் கூடாது. அலுப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. அப்பாக்களுக்கு இங்கே ஒரு வார்த்தை: அம்மா ஐந்தரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டுமென்றால் பாலைக் காய்ச்சி இறக்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும்.

ஐந்து வாரம் நடந்து பழகிய பிறகு, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் போதும். முட்டி நன்றாக இருப்பவர்களுக்குத் தோப்புக்கரணமே இருக்கிறது. அதைத் தண்டனை ஆக்கி அதன் பெயரைக் கெடுத்தவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

சர்க்கரை, பிரஷர், இதயம் என்று எதற்காவது மாத்திரை எடுப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம், பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது, ஹவாய் செருப்பும் வழுக்கும். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். சமாளித்துக்கொண்டு சுற்றை முடிக்க வேண்டியதில்லை.

நடுவில் கல்யாணம், காய்ச்சல், தீபாவளி எல்லாம் வரும். 21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்ததில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு அதைவிடப் பல மடங்கு. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதையும் அதே ஆய்வில்தான் கண்டார்கள். விட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக நடக்க வேண்டாம்.

பிள்ளைகளையும் கூட்டி வரலாம். அவர்களுக்குத் தினம் சராசரி 60 நிமிடம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும். தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கடன் வாங்கித் திருப்பித் தராத டீச்சர்களில் நானும் ஒருத்தி. இந்த அரையாண்டுக்கு அது நடக்காது என்று பி.டி. சாரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

வண்டிகளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். குடிதண்ணீர்க் குழாய் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் வாரம் தினமும் நான் வருவேன். மெதுவாக நடப்பவர்கள் என்னோடு சேர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை