குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழைக்கு முன்பே வாய்க்கால் தூர்வாரப்பட்டது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது. பரிசைப் பற்றிய மனத்தாங்கலும் வழக்கம்போல். தெருவிளக்குக்காக மாநகராட்சிக்கு மனுவும் நினைவூட்டலும் கொடுத்தாயிற்று.

இனி, வாட்ஸ்அப் குழுவில் அதிகம் அடிபட்ட விஷயத்துக்கு வருகிறேன். “குப்பையைப் பார்க்க வேண்டிய சங்கத்துக்குக் கிரிமினல் சட்ட வகுப்பு எதற்கு?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சினிமா பார்த்தே நாம் மனப்பாடம் செய்திருந்த 302, இப்போது 103. வசைச்சொல்லாகவே ஆகிவிட்ட 420, இப்போது 318. அந்தச் சமயத்தில்தான் வண்டி நிறுத்தும் தகராறில் நம் நகரின் இரண்டு வீட்டார் ஸ்டேஷன் வரை போனார்கள். ‘ஜாமீனே கிடைக்காது’ என்று ஒருவர், ‘ஐந்நூறு ரூபாய் ஃபைன்தான்’ என்று ஒருவர். ஆளுக்கொரு தீர்ப்பு. தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே என்று நான் நினைத்தது குற்றமா?

நம் நகரிலேயே குடியிருக்கும் வக்கீல் அம்மா ஒரு பைசா வாங்காமல் வந்து மூன்று மணி நேரம் பேசினார். கேள்வி கேட்ட எல்லோருமே ‘தெரிந்தவர் ஒருவருக்காக’த்தான் கேட்டார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு பாட்டி, பேரன் மீதான எஃப்.ஐ.ஆர். நகலை லேமினேட் செய்தே கொண்டு வந்திருந்தார். பழைய வழக்கு என்பதால் பழைய சட்டம்தான்: 294(பி), 323, 506(2). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, கொலை மிரட்டல். நம்மூர் அடிதடிப் புகார்களில் இந்த மூன்றும் ஒன்றாகவே பயணம் செய்யும் என்றார் வக்கீல் அம்மா. முதலாவதற்கு 3 மாதம், அடுத்ததற்கு ஓராண்டு, கடைசிக்கு 7 ஆண்டு வரை. பாட்டி அதைக் கூட்டிப்பார்த்து, எட்டேகால் வருஷம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார். அது உச்சவரம்புதான் தாயி, குற்றம் நிரூபணமானாலும் அவ்வளவும் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று நீதிபதி உத்தரவிட்டால் மூன்றும் சேர்ந்தே ஓடும். ரிமாண்டில் இருந்த நாளும் கழியும். முதல் தப்பு என்றால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமலே விடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று விளக்கினார். பாட்டி அந்த லேமினேட்டை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வகுப்பு எதற்கு என்று கேட்டவர்கள் அப்போது அரங்கில் இல்லை.

‘புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கினால் கேஸ் முடிந்துவிடாதா?’ என்பது அடுத்த கேள்வி. எஃப்.ஐ.ஆர். போட்டபிறகு வழக்கு நடத்துவது அரசு. சில குற்றங்களை மட்டும் இரு தரப்பும் கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளலாம். மற்றவற்றுக்கு ஐகோர்ட்டில் ரத்து கோரித்தான் போகவேண்டும். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று நம் தலைவரே நினைத்துக்கொண்டிருந்தார் (மன்னிக்கவும் தலைவர் அவர்களே). ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான். தூக்குத் தண்டனை வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் தண்டனைக் குறைப்பு என்று அரசு வெளியே விட முடியாது என்பதுதான் அந்தக் கணக்கு.

பைக் திருடுபோன உறுப்பினர் ஒருவரை, ஒரு காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். இன்சூரன்ஸ்காரரோ எஃப்.ஐ.ஆர். கேட்கிறார். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 60 நாளில், கடும் குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம் என்பதையும் நம் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தேன். அதன் மேல் டியூஷன் நோட்டீஸ் ஒட்டியவர் யார் என்று விசாரித்து வருகிறேன்.

செலவைப் பற்றியும் கேட்டார்கள். ஒரு பொன்னாடை, காபி, சுண்டல். அவ்வளவே.

அன்றைய கடைசிக் கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது: ‘சங்கச் சந்தா கட்டாவிட்டால் ஜெயிலா?’ இல்லை, அது சிவில் விவகாரம் என்று வக்கீல் அம்மா சொன்னதும் எழுந்த கைதட்டல், அன்று முழுவதும் வேறெதற்கும் எழவில்லை. கைதட்டியவர்கள் யார் என்று பொருளாளரும் நானும் குறித்துக்கொண்டோம். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சந்தா பாக்கி. சில வீடுகளில் கேட்டைத் திறக்கும்போதே ‘சார் வெளியூர்’ என்று சாரே சொல்லுகிறார். செயற்குழுக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத மூவரின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களே இன்றும் வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றே கூடுதல், முன்னிருப்பிலிருந்து சரிக்கட்டியிருக்கிறோம். தலைவர், துணைத்தலைவர், மகளிர் அணி, வாய்க்கால் பணியாளர்கள், நாற்காலி தந்த பந்தல்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு முன்ஜாமீன், செக் மோசடி, ஆன்லைன் பணமோசடி பற்றி இன்னொரு அமர்வு நடத்த வக்கீல் அம்மா சம்மதித்திருக்கிறார். நடத்துவது நானா என்பது பொதுக்குழுவின் கையில். இந்தப் பொறுப்பை யார் ஏற்க முன்வந்தாலும் பேரேடு, முத்திரை, பாக்கிப் பட்டியல் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் வரவில்லையென்றால், பட்டியலில் பெயர் உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜிபேயும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்