கரும்பலகையைப் படி, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். "பிலிப்பைன்ஸில், இங்கே தாவோ நகரில், ஜீப்னி என்ற சிறு பஸ் ஓட்டுகிறவர்கூட இங்கிலீஷ் பேசுகிறார், எப்படிப்பா?" என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் ஒரு கார்ட்டூன் அனுப்பியிருக்கிறேன், அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படி.

1898-ல் அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்டு ஜெயித்தது. டிசம்பர் 10-ல் பாரிஸில் ஒப்பந்தம் போட்டு, ஸ்பெயினின் காலனியாக இருந்த பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. வீட்டில் இருப்பவனைக் கேட்காமல் நடந்த கிரயம். அங்கிருந்தவர்களோ 1899 ஜனவரி 23-ல் மலோலோஸ் என்ற ஊரில், விடுதலைப் போராட்டத் தலைவர் அகினால்டோவின் தலைமையில் தங்கள் குடியரசையே தொடங்கிவிட்டார்கள். இரண்டே நாள் கழித்து, 25-ம் தேதியிட்ட 'பக்' என்ற அமெரிக்க வார இதழில் வந்தது இந்தப் படம். வரைந்தவர் லூயிஸ் டால்ரிம்பிள். தலைப்பு, 'பள்ளி தொடங்குகிறது'.

வாத்தியார், அங்கிள் சாம். அதாவது அமெரிக்காவையே ஓர் ஆளாக வரைந்த உருவம். முன்பெஞ்சில், அமெரிக்காவின் கைக்குப் புதிதாக வந்த பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா என நான்கு பிள்ளைகள். நால்வருக்கும் கறுத்த மேனி, முகத்தில் கடுகடுப்பு. பின்னால் கலிஃபோர்னியா, டெக்சாஸ் எல்லாம் சமர்த்தாகப் புத்தகம் படிக்கின்றன. இனி ஓரங்களைப் பார். கறுப்பினப் பையன் ஜன்னல் துடைக்கிறான். செவ்விந்தியச் சிறுவன் தனியாக உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். சீனச் சிறுவன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறான்.

வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் என் கண் முதலில் போனது கரும்பலகைக்குத்தான். ஆளப்படுவோரின் சம்மதம் ஏட்டளவில் நல்லது, நடைமுறையில் அபூர்வம் என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கிலாந்து தன் காலனிகளை அவை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் ஆண்டது, சம்மதத்துக்குக் காத்திராததால்தான் நாகரிகம் வளர்ந்தது என்றும் இருக்கிறது. அந்தக் காலனிகளில் நாமும் சேர்த்திதானே! பெயர் சொல்லாவிட்டாலும் அந்த வகுப்பில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. இங்கிலாந்தை எதிர்த்துப் பிறந்த நாடு, நூற்றுச் சொச்சம் வருடத்தில் அதே இங்கிலாந்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறது.

டால்ரிம்பிள் அமெரிக்காவைக் கிண்டல் செய்கிறாரா, பாராட்டுகிறாரா? வாத்தியாரைப் பார்த்து லேசாகப் புன்னகைக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார் என்பது என் கணிப்பு. நாடே நடத்தத் தொடங்கியவர்களை அரிச்சுவடிப் பிள்ளைகளாக வரைவதற்கு வேறென்ன பெயர்?

இதழ் வந்து பத்தே நாளில், பிப்ரவரி 4-ல், மணிலாவில் துப்பாக்கி வெடித்தது. பிலிப்பினோக்களோடு அமெரிக்கா நடத்திய போர் 1902 வரை நீண்டது. அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1901 ஆகஸ்டில், 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பலில் சுமார் ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். ஊர் ஊராகப் போய் இங்கிலீஷில் பாடம் நடத்தினார்கள். உன் ஜீப்னிக்காரரின் இங்கிலீஷுக்கு வேர் அங்கேதான். அவர்களில் பலர் நல்ல மனதோடுதான் வந்திருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை.

இன்னொரு படம், 1902 மே 22-ல் வந்த 'லைஃப்' என்ற அமெரிக்க இதழின் அட்டை. தரையில் கிடக்கும் பிலிப்பினோவின் வாயில் புனல் வைத்து அமெரிக்கச் சிப்பாய்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அன்றைய சித்திரவதை முறை அது. பின்னால் நின்று ஐரோப்பிய வல்லரசுகள் சிரிக்கின்றன. 'இந்தப் பக்திமான் யாங்கிகள் இனி நம்மேல் கல்லெறிய முடியாது' என்பது அவர்கள் வசனம். யாங்கி என்றால் அமெரிக்கன். ஒரு காலனிப் போருக்குப் பிறகு வல்லரசுகளின் உறவு எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பழியில் பங்காளி கிடைத்த சந்தோஷம் அது. சிரிப்பு இங்கே பலசாலியின் பக்கம் திரும்பிவிட்டது, எனக்குப் பிடித்த படம். ஆனாலும் கீழே கிடப்பவனுக்கு ஒரு வசனம் கிடையாது.

அந்த வசனத்தைப் பிலிப்பினோக்களே எழுதிக்கொண்டார்கள். 1907-ல் மணிலாவில் 'லிப்பாங் கலபாவ்' என்ற கேலிச்சித்திர இதழ் தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நம் பாரதியும் 'இந்தியா' பத்திரிகையில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்கன் வரைந்த பிலிப்பினோவை நிறையப் பார்த்துவிட்டேன். பிலிப்பினோ வரைந்த அமெரிக்கனைப் பார்க்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் அங்கே லைப்ரரியில் விசாரித்து, கிடைத்தால் ஒரு பக்கத்தையாவது போட்டோ எடுத்து அனுப்பு. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை உன் தோழி யாரிடமாவது கேட்டுத் தமிழில் எழுதி அனுப்பம்மா.

அன்புடன்,
அப்பா