பத்தடி பெஞ்சும் ஒற்றை வாசலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உகாண்டாவின் கம்பாலா நகரக் குடிசைப் பகுதிகளில் வாழும் இளம் அகதிகள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஏன் தயங்குகிறார்கள் என்ற கட்டுரையை வாசித்தோம். நோயைப் பற்றித் தெரியாததைவிட, 'யாராவது பார்த்துவிட்டால்?' என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது என்று அதில் இருந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எச்.ஐ.வி. பரிசோதனைப் பணியை நெருக்கமாக அறிந்தவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறோம்.

இங்கே அகதி என்றால் இலங்கைத் தமிழர். 1983க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைய இளைஞர்கள். பெரும்பாலோர் பிறந்ததே தமிழ்நாட்டில். 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ஊர்வாயில் இன்றும் அது 'சிலோன் கேம்ப்'தான். ஆண்பிள்ளைகளில் நிறையப் பேர் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். ஹோட்டலாக மாறும் பழைய செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுவர் தேய்த்து வண்ணம் அடிப்பவர்களில் இவர்களும் உண்டு. காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு, முகாமுக்கு வெளியே டவுனில் வாடகைக்கு இருப்போரும் உண்டு. முகாம் எதையும் இங்கே பெயர் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கடிதமே ஒரு முத்திரையாகிவிடும்.

'வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நோய்' என்ற பேச்சு டீக்கடைகளில் இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. இலங்கையில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் கீழே. இந்தியாவில் சுமார் 0.2 சதவீதம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று அளித்தது. இந்தியாவில் முதல் தொற்று கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்.

பரிசோதனை என்பது சின்ன வேலை. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் 'நம்பிக்கை மையத்தில்' முதலில் ஆலோசகர் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்குகிறார். பிறகு சிரிஞ்சில் கொஞ்சம் இரத்தம். முதல் பரிசோதனைக் கிட்டில் எதிர்வினை இல்லையென்றால் 'நெகட்டிவ்' என்று முடிந்தது. எதிர்வினை இருந்தால் அதே இரத்தத்தை வேறு வகைக் கிட்கள் இரண்டில் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்தால்தான் 'பாசிட்டிவ்'. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்நுனியில் குத்திப் பார்ப்பது முதற்கட்டம் மட்டுமே. அங்கே எதிர்வினை தெரிந்தால் நம்பிக்கை மையத்துக்கு வந்து உறுதி செய்துகொள்ள வேண்டும். செலவு இல்லை, முடிவும் பெரும்பாலும் அன்றே.

சிக்கல் அந்த முடிவுக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் இருக்கிறது. அறை வாசலில் சிவப்பு ரிப்பன் படம் போட்ட பெயர்ப்பலகை. அதன் கீழே பத்தடி நீளத்தில் ஒரு பெஞ்ச். எதிரே மாத்திரை வாங்கும் வரிசை. நீரிழிவு மாத்திரைக்கு வந்து நிற்கும் முகாம்காரர் ஒருவர் போதும். அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வரிசை வீடுகளுக்கும் தெரிந்துவிடும். உள்ளே இருந்து பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம். நம் ஊர் நகரத்தார் வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நம்பிக்கை மையத்துக்கோ ஒரே வாசல். அதனால்தான் இங்கே பத்து நிமிடத்தில் வரக்கூடிய பையன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுகிறான், அல்லது போகாமலே இருந்துவிடுகிறான். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதும், சர்க்கரை, இரத்த அழுத்தம், சளி பார்க்க வந்தவர்களோடு கலந்து உட்கார வைப்பதும் பணம் பிடிக்காத மாற்றங்கள்.

இரண்டாவது பயம் பதிவேடு. முகவரி என்று கேட்டதும் முகாம் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதப் பணக்கொடைக்குக் கணக்கெடுப்பு, கியூ பிரிவுப் போலீஸ் விசாரணை, வெளியூரில் தங்க அனுமதி என்று வாழ்க்கை முழுதும் பதிவேடுகளுக்குள் கழித்த பிள்ளைக்கு இதுவும் அந்த வரிசையில் ஒன்று. 'இது தாசில்தார் ஆபீசுக்குப் போகுமா? கொழும்புக்குத் திரும்ப விண்ணப்பித்தால் தடையாகுமா?' இந்தக் கேள்வி வாய்விட்டு வராது. கேட்கும்முன்பே ஆலோசகர் பதில் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் எந்த நபருக்கும் பரிசோதனை செய்யக் கூடாது என்றும், நிலையை வெளியே சொல்லக் கூடாது என்றும் அது விதிக்கிறது. அதில் 'நபர்' என்றுதான் இருக்கிறது, 'குடிமகன்' என்று இல்லை.

தொலைபேசி எண் இன்னொரு வில்லங்கம். ஒரு கைபேசியை அம்மாவும் தங்கையும் எடுப்பார்கள். 'நம்பிக்கை மையத்திலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பு போனால் கதை முடிந்தது. எண்ணை எழுதும்போதே 'இதை வேறு யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம், யாரென்று சொல்ல வேண்டும்' என்று மூன்று கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

இந்தப் பயங்களெல்லாம் சேர்ந்து பிள்ளைகளைத் தனியார் லேபுக்குத் தள்ளுகின்றன. பல இடங்களில் ஆலோசனை கிடையாது. மற்ற பரிசோதனைகளோடு ஒரு வரியாக முடிவு அச்சாகி, வாங்க வந்தவர் கையில் கவர் போகும், அல்லது வாட்ஸ்அப்பில் மேஸ்திரி எண்ணுக்குப் போகும். ஒரே கிட்டில் வந்த முடிவைக் கடைசித் தீர்ப்பென்று நம்பிவிடுவதும் நடக்கிறது. உறவுக்குப் பிறகு ஒரு வாரத்திலேயே போய்ப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று நிம்மதியாகித் திரும்பி வராதவர்களும் உண்டு. தொற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் ஆகும். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தாக வேண்டும். இதை எடுத்துச் சொல்ல அந்தக் கவுண்டரில் ஆள் இல்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்பதால், கேட்க மிகவும் கூச்சப்படும் வயதில் வீட்டில் சொல்லித்தான் வர வேண்டியிருக்கிறது.

பெண்கள் நிலை தனி. கர்ப்பிணிகள் எல்லோரையும் பரிசோதனைக்கு உட்படுத்துவது நடைமுறை. நல்ல ஏற்பாடு; குழந்தையைக் காப்பாற்றுகிறது. ஆனால் குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்படுவது அவள்தான் என்பதால் முதலில் தெரியவருவதும் அவளுக்கு. 'இவள்தான் கொண்டுவந்தாள்' என்று பழி அவள் தலையில் விழுகிறது. கணவனையும் அதே வருகையில் அழைத்துப் பரிசோதித்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது.

தெரிந்துகொண்டால் என்ன லாபம் என்பதுதான் போதிய அளவு சொல்லப்படுவதில்லை. தொற்று உறுதியானால் வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து உடனே இலவசமாக, பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போனவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பேரணியில் பிடிக்கும் பதாகைகளில் இந்த வரியைக் காணோம், பழைய மண்டையோட்டுப் படம் மட்டும் இருக்கிறது.

கம்பாலாவில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சுயபரிசோதனைக் கிட் கொடுத்துப் பார்த்தார்கள், பரிசோதித்துக்கொண்டவர்கள் கூடினார்கள். இங்கே அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டோம். பத்துக்குப் பத்து முகாம் வீட்டில் ஐந்து பேர் நடுவே இருபது நிமிடம் கிட்டை எங்கே ஒளித்து வைப்பது? இங்கே முதலில் வேண்டியது வேறு. 'முகாமில் எச்.ஐ.வி. முகாம்' என்று பேனர் கட்டி வேன் நிறுத்துவதை விட்டுவிட்டு, பொது மருத்துவ முகாமில் மற்றப் பரிசோதனைகளோடு இதையும் சம்மதம் கேட்டுச் செய்ய வேண்டும். பெயிண்டர்கள் வேலை முடித்துக் கைகழுவ மாலை ஆறாகிறது, நம்பிக்கை மையம் அதற்கு முன்பே பூட்டிவிடுகிறது. மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் வாரத்தில் ஒரு நாள், சம்பள நாளான சனிக்கிழமை தவிர்த்து, இரவு எட்டு வரை திறந்து வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். அதுவரை 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே எந்த நேரமும் தமிழில் கேட்கலாம் என்பதைத் தங்கள் இதழ் ஒரு கட்டம் கட்டி வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

— வாசகர்கள் இருவர், காரைக்குடி