குவாரிக்கு வந்த படிவமும் அரை நாள் சம்பளமும்

பண்டாரவளை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டார்கள் என்று வாசித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குத்தான் குளிர் வந்தால் முழங்கால் வலி. ஐப்பசி மழை பிடித்துவிட்டது, பின்னேரமானால் எதிர்மலை தெரிவதில்லை.

உங்கள் அவுஸ்திரேலியா குவீன்ஸ்லாந்து நிலக்கரிச் சுரங்கத்தில் டிரக் ஓட்டுகிறவர் முதற்கொண்டு எல்லோரும் கண்ணில் பட்ட ஆபத்தை டெப்லெட்டில் பதிவதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் கருங்கல் குவாரியிலும் போனில் தெரிவிக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்திருக்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்தோம், சரிவரவில்லை. படம் வரும், ஆனால் பாறைமுகம் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, எந்த இடம் என்று பிடிபடாது. அடுத்த நாள் விடிந்தால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோகும்.

இப்போது இருப்பது ஒரு சின்னப் படிவம். ஒரு படம், ஓர் இட எண், ஒரு குரல் பதிவு, அவ்வளவுதான். இட எண்ணுக்காக, பாறையைத் தட்டுத் தட்டாக வெட்டிய படி ஒவ்வொன்றிலும் தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரி வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதி வைத்தோம். எழுதத் தெரியாதவரும் பேசலாம். சிங்களத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் கேட்டுப் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது. பள்ளத்துக்குள் சிக்னல் கிடையாது. அதனால் படிவம் போனிலேயே தங்கி, ஆள் மேலே தராசு இருக்கிற இடத்துக்கு ஏறி வந்ததும் தானாகப் போய்விடும்.

மேல் விளிம்பில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் கம்பி அடித்து, தினமும் காலையில் நடுவே அளவுநாடா பிடித்து, ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறோம். நேற்றைய படத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்தால் அது அகன்றதா என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழைக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு மஞ்சள், 100க்கு செம்மஞ்சள், 150க்கு சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறதல்லவா? பாறைமுகம் வேறு விஷயம்தான். இருந்தாலும் 75ஐத் தாண்டினால், மேலே போய்ப் பார்த்து வரும் வரைக்கும் முகத்துக்கு அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

இவ்வளவு செய்தும் ஆரம்பத்தில் வந்ததெல்லாம் எரியாத பல்பும் வழுக்குகிற படிக்கட்டும்தான். வெடி வைத்த பிறகு மேலே தொங்குகிற கல்லைப் பற்றி ஒரு பதிவு இல்லை. துளை போடுகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? கம்பியால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே கல் விட்டிருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் அவர்கள். பழைய ஆள் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் சொன்னா வேல நிக்கும் ஐயா. நின்னா லோட் இல்ல. லோட் இல்லாட்டி எனக்கு மட்டுமா, கூட நிக்கிற நாலு பேருக்கும் சம்பளம் இல்ல. அப்புறம் அவனுங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றார்.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் நிலையும் இதேதான், உனக்குச் சொல்லவா வேண்டும்? செடிக்குள் குளவிக்கூட்டைக் கண்டவள் நிரையை விட்டு விலகினால் கிலோ குறையும். ஆபத்தை முதலில் பார்க்கிறவர், அதைச் சொன்னதற்காகத் தன் கையில் இருந்து காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை எந்த போனும் தீர்க்காது.

முதலாளியோடு நிறையப் பேச வேண்டியிருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு பதிவினால் ஒரு படியில் வேலை நின்றால், அங்கே நின்ற எல்லோருக்கும் அரை நாள் சம்பளம். பார்த்துவிட்டு ஆபத்து இல்லை என்று தெரிந்தாலும் அந்தக் காசு உண்டு. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அவர் சுலபத்தில் இறங்கி வரவில்லை. பொய்ப் பதிவு குவியும் என்று பயந்தார். குவியவில்லை. லோட் அடித்தால் அரை நாளில் அதைவிடக் கூட உழைக்கலாமே, யார் சும்மா பொய் சொல்லப்போகிறார்கள்? அதற்குப் பிறகுதான் கல்லைப் பற்றிய பதிவுகள் வரத் தொடங்கின. பதிந்தவருக்கு அன்றைக்கே குரலில் பதிலும் போகிறது: பார்த்தோம், தட்டி விழுத்தியாகிவிட்டது, அல்லது நாளைக்கு பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்த பிறகுதான் என்று.

உங்கள் மாநிலத்தில் 2000 முதல் 2019 வரை சுரங்கங்களிலும் குவாரிகளிலும் இறந்த 47 பேரின் மரணங்களை பொறியியலாளர் ஷோன் பிரேடி ஆராய்ந்து எழுதிய அறிக்கை 2020இல் வெளியானது அல்லவா? காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை, தினமும் கண்ணில் படுகிறவை என்பதுதான் அதில் என்னை உலுக்கியது. பயிற்சி இல்லை, மேற்பார்வை இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்யவில்லை. இதெல்லாம் அங்கே நிற்கிற ஆளுக்கு முன்பே தெரிந்த விஷயங்களாகத்தான் இருந்திருக்கும். 2013 ஏப்ரல் 10இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பிங்கம் கன்யன் செப்புச் சுரங்கத்தில் 14 கோடி தொன்னுக்கும் மேல் சரிந்தபோது ஒருவருக்கும் காயம் இல்லை. சரிவு நகர்வதைக் கருவிகள் முன்கூட்டியே காட்டின, அதை நம்பி ஆட்களை வெளியே எடுத்தார்கள். கருவி காட்டியதும் வேலையை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் இருந்தது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, போய் இருக்க வீடும் செய்ய வேலையும் வரவில்லை. நம் சனத்தை அறியாமை என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அறிந்துதான் இருந்தார்கள்.

ஒரு உதவி செய். பெயர் சொல்லாமல் பதிகிற வழி உங்களிடம் உண்டா? உண்டென்றால், பதிந்தவருக்குப் பதில் எப்படிப் போகிறது? எங்களிடம் ஆட்கள் குறைவு, குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிடுகிறது. அரை நாள் சம்பளம் இருந்தும் சில பேர் இன்னும் தயங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்பதையும் எழுது, தமிழிலேயே எழுது, அப்படியே ஆட்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். சித்திரையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்