விளம்பரப் பலகைக்காக வீதியோர மரங்களை மொட்டையடிப்பதை நிறுத்தி, கிளை வெட்டுவதற்கு ஒழுங்குவிதி வகுக்கக் கோரல்

பிரதேச செயலாளர் அவர்கட்கு,
மட்டக்களப்பு மாவட்டம்.

மதிப்புக்குரிய ஐயா,

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் பஸ் தரிப்பிடத்தை ஒட்டி நிற்கும் வாகையையும் இரு வேம்புகளையும் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை எழுத்தில் அறிவித்தோம். பதில் இல்லை. இடம் தாங்கள் அறிந்ததே. தங்கள் வாகனமும் அவ்வழியேதான் போகிறது.

1. பலகை தெரிவதற்காக மரத்தின் தலையையே தறிக்கிறார்கள். தறித்த இடத்தில் வாதுகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, மாரி கழிய மறுபடியும் பலகையை மறைக்கும். மறுபடியும் தறிப்பு.

2. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் நடுப்பகலில் அந்தத் தரிப்பிடத்தில் இப்போது ஒரு பாய் அகல நிழல்கூட இல்லை. கைப்பிள்ளைக்காரிகள், கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வயோதிபர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் தார் கொதிக்கும் வெயிலில் நிற்கிறார்கள். கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினால் சாரதிக்கு ஆள் தெரியாது. பஸ் நிற்காமல் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கும் அதே வெயில்தான். ஐயா, நிழல்தான் எங்கள் முறைப்பாடு.

3. வெட்டும் முறை இது: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு வாள் போட வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், தண்டின் பட்டை கிழியாமல் கிளை விழும். மிஞ்சும் குற்றியை, கிளை தொடங்கும் புடைப்புக்கு வெளியே ஒட்ட அறுக்க வேண்டும். புடைப்பையும் சேர்த்து மழித்தாலும் பிழை, நீளக் குற்றி விட்டாலும் பிழை. காயம் மூடாமல் உக்கும். ஒரு வருடத்தில் இலைத்தலையில் நாலிலொரு பங்குக்கு மேல் எடுக்கவே கூடாது. இது தெரியாதவர் கையில் செயின் சோவைக் கொடுத்தது யார்?

4. வாடைக்காற்று தொடங்க முன், புரட்டாதிக்குள் வெட்டு முடிய வேண்டும். தறித்த தலையில் கிளம்பும் வாதுக்கு உள்மரத்தில் பிடி கிடையாது. வாடைக்காற்றில் முறிந்து ஆட்கள் மேல் விழும். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட மாவட்டத்துக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

5. மரம் முந்தியே நின்றது. பலகைதான் பிந்தி வந்தது!

வீதிக் குறியீட்டை மறைக்கும் கிளையை எடுப்பதை நாங்கள் ஒருபோதும் எதிர்க்கவில்லை. விளம்பரத்துக்காக என்றால், எழுத்து மூல அனுமதி இன்றி, எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் குறிக்காமல், உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நில்லாமல் மரத்தில் வாள் வைக்கக் கூடாதென்று கட்டளையிடுங்கள். கீழ்க்கிளைகளை அளவாக எடுத்தும் பலகை தெரியாவிட்டால், பலகை நட்ட இடம் பிழை. அதைப் பெயர்க்கச் சொல்லுங்கள்.

மிஞ்சியிருப்பது ஒரு வேம்பின் பாதித் தலைதான். அதையாவது விட்டுவைக்கும்படி மூன்றாவது தடவையாகக் கேட்கிறோம் ஐயா.

இப்படிக்கு,
தரிப்பிடத்தை அண்டிய குடியிருப்பாளர்கள்