பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் (திறந்த ரீல்களில் டேப் ஓடும் ஒலிப்பதிவுக் கருவி) கண்ணில் பட்டால், விளக்கு எரிகிறதா, ரீல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டிவிடாதீர்கள்.

முதலில் ஹெட், அதாவது டேப்பில் உள்ள ஒலியைப் படிக்கும் பாகம். டேப் உரசும் இடத்தில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். விளிம்பில் தட்டினால் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. மாற்று ஹெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் இறுகிப் பளபளத்தால் டேப் வழுக்கும். பிசுபிசுத்தால் டேப்பை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பெல்ட் தாராக உருகியிருந்தால் பயப்பட வேண்டாம், அதை மாற்றிக்கொள்ளலாம்; விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பின்புறத் தகட்டில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் உஷார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் சிங்க்ரனஸ் மோட்டார் (ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் ஓடுவது) ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாக ஓடும், பாட்டு இழுக்கும். டேப்பில் 190.5 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறி போடுங்கள். விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் அவை ஹெட்டைக் கடக்க 10 விநாடி ஆகவேண்டும்.

வேண்டாத டேப் ஒன்றில் ரெக்கார்டும் செய்து பாருங்கள். அழிப்பு ஹெட் வேலை செய்யாவிட்டால் பழைய பாட்டு அடியில் கேட்கும்.

வாசகர்,
செல்லூர், மதுரை